தைத்தால் போய்விடும் வைஃபை

ஆயுத பூஜையன்று எந்தெந்தச் சாமானுக்குப் பொட்டு வைப்பது என்பதில் அஞ்சலை வீட்டில் வருஷா வருஷம் ஒரு வாக்குவாதம் நடக்கும். தையல் மெஷின், கத்திரிக்கோல், இஸ்திரிப் பெட்டி, புருஷன் முனிராஜின் ஸ்கூட்டர் இவற்றைப் பற்றிப் பேச்சே இல்லை. போன வருஷம் டி.வி. ரிமோட்டுக்கும் சந்தனம் பூசினாள். சத்தத்தைக் கூட்டும் பட்டன் அமுங்கியபடியே ஒட்டிக்கொண்டு, வீடு இரண்டு நாள் அலறியது. கிளினிக்கில் வேலை பார்க்கும் மகள் மனிஷா அதை இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

இந்த வருஷம் அஞ்சலை சுவரைப் பார்த்தாள். ஆணியில் தொங்கிக்கொண்டிருந்த வைஃபை ரவுட்டரைக் கழற்றிக் கீழே இறக்கினாள்.

"அதுக்கு எதுக்கும்மா பொட்டு? அது என்ன அருவாளா?"

"எனக்கு இந்த வருசம் அதுதான் அருவா. நீ சும்மா இரு."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மைசூரு ஹெப்பாளில், ஒரே கேட்டுக்குள் வரிசையாக இருக்கும் ஐந்தாறு வீடுகளில் ஒன்றில் உட்கார்ந்து, அஞ்சலை பல வருஷமாக ரவிக்கை தைத்து வருகிறாள். ஆனால் இந்தப் புரட்டாசியில்தான் அவள் டீச்சர் ஆகியிருந்தாள். முனிராஜின் அக்கா பாப்பம்மாள், கொள்ளேகால் பக்கத்துக் கௌதள்ளியில் ஒரு டஜன் பெண்களைத் தன் வீட்டுக் களத்தில் சேர்த்து உட்கார வைத்திருந்தாள். தீபாவளிக்கு அவரவர் ரவிக்கையை அவரவரே தைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. அங்கே பாப்பம்மாளின் போன், இங்கே அஞ்சலையின் பழைய டேப்லெட். வீடியோ காலில் வகுப்பு. அளவெடுப்பதும் பேப்பரில் வெட்டுவதும் முடிந்து, எல்லாருக்கும் கை பரபரத்தது. மெஷினில் உட்காரும் பாடத்தை விஜயதசமியன்று தொடங்குவதாக நிச்சயம் செய்திருந்தார்கள். அன்று தொடங்கும் படிப்பு வீண்போகாது.

ஆகவே ரவுட்டருக்கு அந்த வருஷம் ராஜ மரியாதை. ஈரத் துணியால் துடைத்தாள். சந்தனம், குங்குமம், சாமந்திச் சரம். மெஷினையும் அதன் பலகையையும் துடைத்து, பலகையின் ஓரத்திலேயே, சாமி படத்துக்கும் கத்திரிக்கும் நடுவில், ரவுட்டரை உட்கார வைத்தாள்.

"ஆயுதத்துக்கு இன்னைக்கு ஓய்வு. சுவிச்ச அமத்து" என்றாள்.

"ஐயோ, சும்னிரம்மா!" கோபம் வந்தால் மனிஷாவுக்குக் கன்னடம்தான் முதலில் வரும். "பூஜை பண்ணிக்கோ. ஆஃப் மட்டும் பண்ணாதே. நான் பாதி படம் பாத்துட்டிருக்கேன்."

சரி என்று லைட் எரிகிறபடியே பூஜை நடந்தது. பூசணிக்காய் உடைத்தாகிவிட்டது. ஊதுவத்தி செருக வாழைப்பழம் ஒன்றுதான் மிச்சமிருந்தது. அது மெஷினுக்குப் போயிற்று. மற்ற சாமான்களுக்கு இடுக்கு பார்த்து, சந்து பார்த்து, ஆளுக்கொரு குச்சி செருகினாள். யாரையும் விட்டுவிடக்கூடாது என்பது அவள் கொள்கை. வீடு முழுக்க மல்லிகை வாசனை.

பூஜை முடிந்த கொஞ்ச நேரத்தில் மனிஷா போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அம்மா, நெட் போயிடுச்சு."

அஞ்சலைக்கு உள்ளூர சந்தோஷம். "நீ ஓய்வு குடுக்கல. அதுவே எடுத்துக்கிச்சு பாத்தியா?"

மறுநாள் விஜயதசமி. மறுபூஜை செய்து, பூவையெல்லாம் எடுத்துவிட்டு, அஞ்சலை டேப்லெட்டைத் திறந்தாள். 'அஞ்சலை டெய்லர்' என்று மனிஷா பெயர் வைத்திருந்த வைஃபையைக் காணவே காணோம். அந்த இடத்தில் எழுத்தும் எண்ணுமாக வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது.

"பாக்ஸ் எல்லாத்தையும் மறந்துடுச்சும்மா" என்றாள் மனிஷா. "கடையில வாங்கினப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஆயிடுச்சு. திருவிழா லைட்டெல்லாம் போட்டிருக்காங்கல்ல, கரண்ட் ஏறி எறங்கியிருக்கும்."

அடியில் ஒட்டியிருந்த சீட்டில் சந்தனத்தைச் சுரண்டி, பாஸ்வேர்டைப் படித்து, மறுபடியும் பழைய பெயரை வைத்தாள். அவள் போன் உடனே சேர்ந்துகொண்டது. டேப்லெட் மட்டும் சேரவில்லை. பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாகப் போட்டாலும் 'இணைக்க முடியவில்லை' என்றே சொல்லிற்று. பாப்பம்மாள் அங்கிருந்து அழைத்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்குள் போன் சிக்னல் ஒரு கோடுகூட நிற்காது. வாசலுக்குப் போனால்தான் வரும். மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போக முடியுமா? மனிஷாவோ தன் போனை மணிக்கணக்கில் வகுப்புக்கு விட்டுத்தரமாட்டாள்.

இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. ஜம்பூ சவாரி நாளில் மைசூரில் யார் போனை எடுப்பார்கள்? ஊரே யானை பார்க்கப் போயிருந்தது.

"பாஸ்வேர்டே இல்லாம விட்டுடறேன்" என்றாள் மனிஷா. "பூட்டே இல்லன்னா சாவி எதுக்கு?"

அப்படியே செய்தாள். டேப்லெட் சட்டென்று சேர்ந்தது. திரையில் பாப்பம்மாளின் மூக்கு பெரிதாகத் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் பாயில் வரிசையாகப் பெண்கள்.

"ஏ அம்மிணி, எத்தன நேரம்! நாங்க மூணு சாமியக் கும்பிட்டாச்சு."

"இதா வந்துட்டனுங்க அண்ணி. எல்லாரும் பாருங்க. இது பின்கழுத்து. பானைக் கழுத்து. இதுல பட்டியை இப்படி வெச்சு, வளைவுல மெதுவா மெஷின ஓட்டணும். இங்கதான் சூட்சுமம் இருக்குது..."

மோட்டார் பெடலை மிதித்தாள். பாப்பம்மாளின் வாய் திறந்தபடியே நின்றது. பிறகு திரை கறுத்தது.

திரும்ப வர நாலைந்து நிமிஷம் ஆயிற்று. "எங்க போயிட்ட?" "இங்கதான் இருக்கறனுங்க." மறுபடியும் மிதித்தாள். மறுபடியும் போயிற்று. பேசும்போது பேச்சு கணீரென்று கேட்கும். துணியைக் காட்டினால் பூப்போட்ட துணியில் பூவின் காம்புகூடத் தெரியும். சூட்சுமத்துக்கு வந்தால் இருட்டு.

முதல் பழி பக்கத்து வீட்டுக் கெம்பம்மா மேல் விழுந்தது. பூட்டில்லாத வைஃபையில் கேட்டுக்குள் இருந்த எல்லா வீட்டுப் போனும் நுழைந்திருப்பதை மனிஷா கண்டுபிடித்தாள். கெம்பம்மாவின் டி.வி. அன்று காலையிலிருந்து அரண்மனை அலங்காரத்தையும் யானை ஊர்வலத்தையும் இவர்கள் நெட்டில்தான் காட்டிக்கொண்டிருந்தது.

கெம்பம்மா கொஞ்சமும் கூச்சப்படவில்லை. "பாகிலு தெறந்து கெடந்துச்சு, ஒளகே வந்துட்டேன். கதவத் தெறந்து வெச்சுட்டு ஏன் வந்தேன்னு கேப்பியா கணே?" என்று சொல்லி, ஒரு தட்டு நிறைய ஒப்பட்டுப் போளியும் கொடுத்தனுப்பினாள். அதைச் சாப்பிட்டபிறகு யார் சண்டை போட முடியும்?

ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் மனிஷா போனில் படித்துப் படித்து, விஷயத்தைப் பிடித்துவிட்டாள். "அம்மா, பாக்ஸ் பழசையெல்லாம் மறந்ததும் தானா புது மாதிரி பூட்டுக்குப் போயிடுச்சு. டபிள்யூபிஏ த்ரீன்னு பேரு. ரொம்பக் கெட்டியான பூட்டு. என் போன் புதுசு, அதுக்கு அது தெரியும். உன் டேப்லெட் பழசு, அதுக்கு டூ வரைக்கும்தான் தெரியும். அதான் பாஸ்வேர்டு சரியா போட்டாலும் சேரல."

அஞ்சலை யோசித்தாள். "அதாவது, பழைய ஜாக்கெட்டுல பழைய வளையம். நீ புது தினுசு கொக்கி வாங்கி வந்து மாட்டப் பாக்கற. கொக்கியும் நல்லதுதான், வளையமும் நல்லதுதான். ஒண்ணுக்கொண்ணு சேராது."

"அதேதான்!"

"அப்ப ரெண்டு தினுசுக் கொக்கியும் தெச்சு வெக்கறது."

"அப்படியும் ஒண்ணு இருக்குதும்மா. டூவும் த்ரீயும் சேந்தாப்புல." மனிஷா அதைத் தேர்ந்தெடுத்தாள். பாஸ்வேர்டு போட்டாள். டேப்லெட் முரண்டு பிடிக்காமல் சேர்ந்தது. கெம்பம்மாவின் டி.வி. வெளியே போயிற்று. கொஞ்சம் மனசு கேட்காமல், அஞ்சலையே போய் அவளுக்குப் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆனால் அடுத்த வகுப்பிலும் அதே கதை. மிதித்தாள், போயிற்று. அன்று சாயங்காலம் பாப்பம்மாள் தனியாக அழைத்தாள். அஞ்சலை போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"அஞ்சலை, நானே கேக்கறேன். மனசுல ஒண்ணும் வெச்சுக்காத."

"சொல்லுங்க அண்ணி."

"கட் ஆகறது சரி. அது ஏன் பேசறப்பக் கட் ஆகறதில்ல? ஒம் பொண்ணு கிளினிக் கதையச் சொன்னாளே, அப்ப கட் ஆச்சா? ஒம் புருசன் வந்து நலம் விசாரிச்சானே, அப்ப ஆச்சா? கழுத்து தைக்கறப்ப மட்டும் ஆகுது. இங்க பொம்பளைங்க பேசிக்கறாங்க. தொழில் தெரிஞ்சவ, பூராவும் சொல்லித் தருவாளா, கழுத்துல கைய வெக்கறப்ப வேணும்னே அமத்திடறாள்னு."

"அண்ணி!"

"நான் சொல்லல. பேசிக்கறாங்க. நான்தான் வீடு வீடாப் போயி, எந் தம்பி பொண்டாட்டி தங்கம்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன். இந்த ஞாயித்துக்கெழம கழுத்து வல்லீன்னா எல்லாரும் துணிய டவுனுக்கே தைக்கக் குடுத்துருவாங்க. அப்பறம் நான் இந்தத் தெருவுல தண்ணிக்குக்கூடப் போக முடியாது. பாத்துக்கோ."

போனை வைத்துவிட்டு அஞ்சலை வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. மறைக்கிறாள் என்றதுதான் தைத்தது. அவள் கல்யாணத்துக்கு முன் கொள்ளேகாலில் தொழில் பழகிய கடையில் முரளிதரன் என்றொரு மாஸ்டர் இருந்தார். கை வெட்டுவார், உடம்பு வெட்டுவார், எல்லாம் காட்டுவார். கழுத்துக்கு வந்தால் முதுகைத் திருப்பிக்கொள்வார். காஜா எடுத்த பெண்கள் அத்தனை பேரும் அந்த முதுகைத்தான் பார்த்தார்கள். அஞ்சலை எத்தனையோ ரவிக்கையைப் பாழாக்கி, பிரித்து, தைத்து, தானாகக் கழுத்தைக் கண்டுபிடித்தாள். தனக்கு ஒரு நாள் ஆள் சேர்ந்தால் முகத்துக்கு நேரே காட்டுவேன் என்று அன்றைக்கே நினைத்திருந்தாள். இப்போது ஆள் சேர்ந்திருக்கிறது. அவள் முதுகைத் திருப்பிவிட்டாள் என்கிறார்கள்.

ஷிப்ட் முடிந்து வந்த முனிராஜ் எல்லாவற்றையும் கேட்டான். அவனுக்கு ஹெப்பாள் தொழிற்பேட்டையில் பம்பு கம்பெனியில் வேலை. அவனைப் பொறுத்தவரை உலகத்தில் நடக்கும் தப்புக்கெல்லாம் வோல்டேஜ்தான் காரணம்.

"மோட்டார் இழுக்குது. நீ பெடல மிதிச்சதும் அது கரண்ட்ட இழுக்கும். பாக்ஸுக்குப் பத்தாது. அவ்வளவுதான்."

கெம்பம்மா வீட்டிலிருந்து ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து ரவுட்டருக்குத் தனிக் கரண்ட் கொடுத்தான். அஞ்சலை மிதித்தாள். போயிற்று. மோட்டார் பெல்ட்டையே கழற்றிப் போட்டு, காலால் ஓட்டச் சொன்னான். அவள் காலால் ஓட்டினாள். இன்னும் சீக்கிரமாகப் போயிற்று.

"கரண்டே இல்லாத மெஷினுங்க, கரண்ட்ட எங்கிருந்து இழுக்கும்?" என்றாள் அஞ்சலை.

முனிராஜ் மீசையைத் தடவினான். "அதான் எனக்கும் புரியல."

"ஏனுங்க, அத மறுபடியும் ஆணியில மாட்டிப் பாக்கலாமா?"

"மாட்டாத. பக்கத்துல இருந்தாத்தான் நல்லா எடுக்கும். தூரத்துல வெச்சா இன்னும் மோசமாப் போயிடும்."

சரியாகத்தான் சொல்கிறார் என்று அவளுக்கும் பட்டது. ரவுட்டர் மெஷின் பலகையிலேயே, டேப்லெட்டுக்கு ஒட்டினாற்போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை கம்பெனியிலிருந்து மஞ்சுநாத் வந்தான். தோளில் பை, காதில் பேனா. அவனுக்குத் தமிழ் கொஞ்சம் வரும், வராத இடத்தில் கன்னடத்தால் நிரப்பிக்கொள்வான்.

"ஏனாய்த்து ஆன்ட்டி?"

அஞ்சலை தைத்துக்கொண்டிருந்தவள் எழுந்து, மெஷின் மேல் துணியைப் போர்த்தி, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ஆள் வந்தால் தையலை நிறுத்தி எழுந்திருப்பது அவள் வழக்கம். உட்கார்ந்தபடி மிதித்துக்கொண்டே பேசுவது மரியாதையில்லை. காபி போட்டாள். மஞ்சுநாத் காபி குடித்தான். போனில் வேகம் பார்த்தான். கிரிக்கெட் பார்த்தான். ஊரிலிருக்கும் மாமனுக்கு வீடியோ கால் போட்டு, அஞ்சலைக்கும் வணக்கம் சொல்ல வைத்தான். ஒரு தடவைகூடப் போகவில்லை.

"சூப்பரா இருக்கு ஆன்ட்டி. ஏனும் தொந்தரெ இல்ல."

"இல்லீங்க தம்பி, போகுது."

"எப்போ?"

அவள் சொல்லத் தயங்கினாள். மெஷினில் உட்கார்ந்தால் போகிறது என்றால் சிரிப்பானோ? "அப்பப்ப" என்றாள்.

அவன் ரவுட்டரின் அடாப்டரைப் புதிதாக மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டதும் அஞ்சலை துணியை விலக்கி உட்கார்ந்தாள். மிதித்தாள். பச்சை விளக்குகள் ஒன்றாக அணைந்தன.

"ஆள் பாத்து நடிக்குது இது" என்று ரவுட்டரைப் பார்த்துச் சொன்னாள். "நடிப்புல எங்க அண்ணியே தோத்தாங்க."

வேலை முடிந்து வந்த மனிஷா ரவுட்டரின் பக்கத்தைப் போனில் திறந்து பார்த்து ஒரு செய்தி சொன்னாள். சிக்னல் போகவில்லை. பாக்ஸே அணைந்து அணைந்து எரிகிறது. யாரோ சுவிச்சை அமுக்குகிறாற்போல் புதிது புதிதாக ஆரம்பிக்கிறது. இந்தச் செய்தியோடு கம்பெனிக்கு மறுபடியும் புகார் போயிற்று. ஆனால் மஞ்சுநாத்துக்கு எப்போது நேரம் கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. தீபாவளிக்கு முன்னால் இனி ஒரு வகுப்பு நடத்தலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்லாரும் புதுத் துணியை வெட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அஞ்சலை ரவுட்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வகுப்பைத் தொடங்கினாள்.

"எல்லாரும் பட்டிய வெச்சாச்சா? குண்டூசி குத்தியாச்சா? இப்ப பாருங்க, வளைவுல நான் எப்படித் திருப்பறேன்னு..."

"நாங்க கண்ணு சிமிட்டாமப் பாக்கறோம்" என்றாள் பாப்பம்மாள். "நீ மட்டும் காணாமப் போயிராத."

அந்த நேரத்தில்தான் வாசலில் "ஆன்ட்டி" என்று குரல் கேட்டது. மஞ்சுநாத். அஞ்சலை வழக்கம்போல எழுந்திருக்கப் போனாள்.

"ஏ! எந்திரிச்ச, அவ்வளவுதான்!" டேப்லெட்டுக்குள்ளிருந்து பாப்பம்மாள் அதட்டினாள். "மகாராசாவே வந்தாலும் எந்திரிக்காத. கழுத்தத் தெச்சுட்டு அப்பறம் எந்திரி."

அஞ்சலைக்கு நாக்கைக் கடித்துக்கொண்டதுபோல் ஆயிற்று. "தம்பி, உக்காருங்க, மன்னிச்சுக்குங்க" என்று சொல்லிக்கொண்டே பெடலை மிதித்தாள்.

விளக்குகள் அணைந்தன. திரை கறுத்தது.

மஞ்சுநாத் உட்காரப் போனவன் பாதியில் நின்றான். "ஆன்ட்டி! இவாக, இப்போ, என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலீங்க. தெச்சேன்."

"மறுபடி தைங்க."

விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து முடிக்கும்வரை காத்திருந்து அஞ்சலை மிதித்தாள். அணைந்தது. அவன் ரவுட்டரைக் கையில் தூக்கிக்கொண்டான். மறுபடியும் எரிந்தபின் "இப்போ தைங்க" என்றான். மிதித்தாள். எரிந்துகொண்டே இருந்தது. இன்னும் வேகமாக மிதித்தாள். ஒரு விளக்குகூடச் சிமிட்டவில்லை.

"கீழ வெச்சா போகுது, கையில வெச்சா இருக்குது!" என்று கத்தினாள் மனிஷா. "அம்மா, கரண்ட் இல்ல, ஆட்டம்! பலகை ஆடுது!"

முனிராஜ் தொண்டையைக் கனைத்தான். பக்கத்தில் வைத்தால் நல்லது என்று சொன்னவன் அவன்தான்.

மஞ்சுநாத் ரவுட்டரின் எல்லா ஒயரையும் அழுத்திப் பார்த்தான். எதுவும் லூஸ் இல்லை. திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான். காய்ந்த சந்தனம். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னத் துளை. துளைக்குள் பழுப்பாக ஏதோ ஒரு புள்ளி. கண்ணுக்கு நெருக்கமாகக் கொண்டுபோனான். பிறகு மூக்குக்குக் கொண்டுபோனான்.

"மல்லிகெ வாசனெ வருது" என்றான்.

அஞ்சலையின் கண்ணுக்கு முன்னால் ஆயுத பூஜை வந்து நின்றது. வாழைப்பழம் ஒன்றுதான் மிச்சம். ஸ்கூட்டருக்குக் கைப்பிடிச் சந்து. இஸ்திரிப் பெட்டிக்கு ஒயர் இடுக்கு. ரவுட்டருக்கு...

"அம்மா" என்றாள் மனிஷா மெதுவாக. "ஊதுவத்திய எங்க குத்தின?"

"ஓட்டை இருந்துச்சு" என்றாள் அஞ்சலை.

"ஓட்டை இருந்துச்சா!"

"சரியா ஊதுவத்தி கனத்துக்கு இருந்துச்சுடி. கம்பெனிக்காரங்களும் நம்ம மாதிரி பூஜை பண்றவங்கதான், அதுக்குன்னே விட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."

மஞ்சுநாத் பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினான். அந்தத் துளைக்குள் ஒரு பட்டன் இருக்கிறது. நீளமாக அமுக்கிப் பிடித்தால் பாக்ஸ் எல்லாவற்றையும் மறந்து முதல் நாள் மாதிரி ஆகிவிடும். லேசாகத் தொட்டால் அணைந்து எரியும். ஊதுவத்தி எரிந்து முடியும்வரை பட்டனை அமுக்கிக்கொண்டு நின்றிருக்கிறது. குச்சியை எடுத்தபோது நுனி உள்ளேயே முறிந்துவிட்டது. மெஷின் ஆடும்போதெல்லாம் அந்த நுனி போய்ப் பட்டனைத் தட்டியிருக்கிறது.

"அப்ப எம்மேல தப்பில்ல" என்றான் முனிராஜ், கோர்ட்டில் விடுதலையானவனைப்போல.

மஞ்சுநாத் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் துளைக்குள் விட்டு நெம்பினான். குச்சி வெளியே வருவதற்குப் பதில் உள்ளே போயிற்று. எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்து, ஒன்றாக அணைந்தன.

"ஐயோ, மறுபடி எல்லாம் போச்சு!" என்றாள் மனிஷா.

"கொஞ்சம் குடுங்க தம்பி." அஞ்சலை ரவுட்டரின் சுவிச்சை அணைக்கச் சொல்லி, அதை மடியில் வைத்துக்கொண்டாள். மார்பில் குத்தியிருந்த ஊசியை எடுத்தாள். தப்பான தையலில் நூலைப் பிரிப்பதுபோல, ஓரமாக விட்டு, குச்சியின் நெஞ்சில் குத்தி, ஒரு சுழற்று சுழற்றி இழுத்தாள். ஒரு நெல்மணி நீளத்துக்கு மூங்கில் நுனி வந்தது. அதை எங்கே போடுவது என்று தெரியாமல், பூஜையில் இருந்ததாயிற்றே என்று சாமி படத்தின் முன்னால் வைத்தாள்.

ரவுட்டர் ஆணிக்குப் போயிற்று. மனிஷா பெயர் வைத்தாள், பாஸ்வேர்டு வைத்தாள். அவள் போன் சேர்ந்தது. டேப்லெட் 'இணைக்க முடியவில்லை' என்றது.

"கொக்கி!" என்றாள் அஞ்சலை. "புதுக் கொக்கிக்குப் போயிருச்சு. ரெண்டு கொக்கியும் தையி."

"ஆமா ஆமா, மறந்துட்டேன்." மனிஷா டூவையும் த்ரீயையும் சேர்த்து வைத்தாள். மஞ்சுநாத் முனிராஜிடம், "என்ன கொக்கி?" என்று கேட்டான். "அது இவங்க ரெண்டு பேருக்கும் ஒரு பாஷ" என்றான் முனிராஜ்.

டேப்லெட் சேர்ந்தது. அஞ்சலை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது திரையில் காலியான பாய்தான் தெரிந்தது. இரண்டு மூன்று பெண்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் கெளம்பிட்டாங்க" என்றாள் பாப்பம்மாள். குரலில் கோபம்கூட இல்லை. "நானும் என்ன சொல்லிப் புடிச்சு வெக்கறது?"

அஞ்சலைக்கு இரண்டு வழி தெரிந்தது. கம்பெனிக்காரர்கள் கோளாறைச் சரிசெய்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாம். மஞ்சுநாத்தும் மறுக்கமாட்டான். ஆனால் மறைக்கிறாள் என்ற பேச்சு அதோடு நின்றுவிடுமா?

"அண்ணி, போனை அவங்க பக்கமாத் திருப்புங்க. எல்லாரும் கேளுங்க. தப்பு எம்பேர்லதான். ஆயுத பூஜைக்கு வைஃபை பெட்டியில ஊதுவத்தி குத்திட்டேன். குத்தக்கூடாத ஓட்டையில குத்திட்டேன். நுனி உள்ளயே ஒடஞ்சு போச்சு. நான் மெஷின மிதிக்கறப்பல்லாம் அது போயி பெட்டிய அமத்திருக்குது. இப்பத்தான் எடுத்தோம். இதா, பாருங்க." சாமி முன்னால் இருந்த குச்சி நுனியை எடுத்துக் கேமராவுக்கு நேரே பிடித்தாள்.

செருப்பை மாட்டிய கால்கள் நின்றன. ஒருத்தி சிரித்தாள். அப்புறம் ஒருத்தி. களமே சிரித்தது. பாப்பம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. முகம் ஒரு மாதிரியாகப் போயிற்று.

"ஏன் அண்ணி?"

பாப்பம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பிப் புருஷன் சென்னிமலையை அழைத்தாள். "ஏனுங்க! நம்ம கெணத்து மோட்டாரு ஸ்டார்ட்டர் பெட்டியில ஓட்டை மாதிரி ஒண்ணு இருக்குதில்ல..."

"ஆமா. அதுக்கென்ன? ரெண்டு வாரமா ஓடாமக் கெடக்குது. எலெக்ட்ரீசியன் மூணு தடவ வந்து பாத்துட்டான்" என்று உள்ளேயிருந்து சென்னிமலையின் குரல் வந்தது.

"ஒண்ணுமில்ல. அவனோட இன்னொருக்கா போயி, அந்த ஓட்டைக்குள்ள கொஞ்சம் நல்லாப் பாருங்க."

இந்தத் தடவை சிரித்த சிரிப்பில் பாயில் உட்காராமல் யாரும் மிச்சமில்லை. செருப்புகள் மறுபடியும் ஓரமாகப் போயின. துணிகள் மடிக்கு வந்தன.

அஞ்சலை டேப்லெட்டை முன்னைவிடக் கிட்டத்தில் வைத்தாள். மெஷினின் ஊசியும் அவள் விரலும் நன்றாகத் தெரியும்படி சரிசெய்தாள். மிதித்தாள். கண் ஒரு தடவை தானாக ஆணிப் பக்கம் போயிற்று. பச்சை விளக்குகள் அசையவில்லை. வளைவில் துணியைத் திருப்பித் திருப்பிக் கொடுத்து ஓட்டி முடித்தாள்.

"இப்ப அப்படியே திருப்பினா கழுத்து தூக்கிக்கும். கொடை மாதிரி நிக்கும். அதுக்குத்தான் இது." கத்திரியின் நுனியால் வளைவு முழுக்கச் சின்னச் சின்னதாக வெட்டிக்கொண்டே போனாள். "தையல் வரைக்கும் வரணும். தையலத் தொடக்கூடாது. அப்பறம் திருப்பி, பட்டி பக்கம் ஓரத்துல இன்னொரு தையல். கழுத்துல தெரியாத தையல். அவ்வளவுதானுங்க." ரவிக்கையைத் திருப்பி, தன் முழங்காலின் மேல் விரித்துத் தட்டிக் காட்டினாள். பானைக் கழுத்து தண்ணீர் விட்டதுபோல் படிந்து கிடந்தது.

திரைக்கு அந்தப் பக்கம், களத்தின் ஓரத்தில் இருந்த மெஷினின் சத்தமும் கத்திரிகளின் சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரம் கழித்து பாப்பம்மாள் தன் துணியைத் தூக்கிக் காட்டினாள். ஓரத்தில் ஒரு இடம் கோணலாக இருந்தது. மற்றபடி கழுத்து படிந்திருந்தது. அவள் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?" என்றாள். "இத்தனூண்டு வெட்டு! இதுக்கா அம்மிணி இத்தன நாளா எங்கள அமத்தி அமத்தி வெச்ச?"

"அண்ணி!"

"சரி சரி, சும்மா சொன்னேன். அந்தக் கோணல எப்படிப் பிரிக்கறதுன்னு சொல்லு."

அஞ்சலை ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் குனிந்தாள். அவளுக்குப் பின்னால் மஞ்சுநாத், இந்தத் தடவை காபியே வரவில்லையே என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தான்.